புள்ளி வைக்காத தாள்கள்

ஹாவிக், மினசோட்டா
28 மே 1951

அன்புள்ள குன்னார் அண்ணனுக்கு,

உன் தங்கை ஆல்மா எழுதுவது. நானும் உன் மச்சான் கிளாரன்ஸும் பையன் ஆர்லனும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் எப்படி இருக்கிறது, வியர்ப்பது குறைந்ததா, நர்ஸ் கொடுக்கும் பாலைக் குடிக்கிறாயா அல்லது வழக்கம்போல் பூந்தொட்டிக்கு ஊற்றுகிறாயா என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

அப்புறம் என்று சொல்லிவிட்டேனே தவிர எனக்கே பொறுக்கவில்லை. நேற்று பேஸ்பால் ஆட்டத்தில் உன் மருமகன் நெல்சன்வில்காரர்களில் பதினைந்து பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டான் அண்ணா! போன இரண்டு ஆட்டத்தையும் சேர்த்தால் இந்த வருஷம் இதுவரை முப்பத்தொன்பது. பத்தொன்பது வயதுப் பையன்! தாளை உள்ளே வைத்திருக்கிறேன். ஆட்டக் கணக்கை அப்பா நம் இரண்டு பேருக்கும் பழக்கியபடியே எழுதியிருக்கிறேன். மூன்று பந்தைத் தவறவிட்டு ஸ்ட்ரைக்-அவுட் ஆனவனுக்கு ஒரு கே. மட்டையை அசைக்காமல் மரம்போல் நின்றுவிட்டுப் போனவனுக்குத் திருப்பிப் போட்ட கே. அவன் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் கட்டத்தின் மூலையில் ஒரு புள்ளி. இந்த ஊரில் வேறு யாரும் புள்ளி வைப்பதில்லை, நாம் இரண்டு பேர்தான் பைத்தியம். நீ படுத்தபடியே பந்து பந்தாக ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏழாவது இன்னிங்ஸ் வரை ஒருவனும் அடித்துவிட்டு ஓடவில்லை. அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது நம் ஊரில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாததா? பெஞ்சில் அவன் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. தண்ணீரைக்கூடக் கையில் கொடுக்காமல் எட்ட வைத்துவிட்டுப் போனார்கள். பெண்கள் நாங்கள் சோளம், மழை, தேவாலயக் கூரை ஒழுகுவது என்று எதையெதையோ பேசினோம். புதிதாக வந்திருக்கும் பாஸ்டரின் மனைவிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "அடடா, இன்னும் ஒருத்தன்கூட அடிக்கலையே!" என்று உரக்கச் சொல்லிவிட்டார். குழுவை நடத்தும் ரூடி பென்ஸின் மனைவி வெர்னா பாய்ந்துவிட்டாள். "வாயை மூடுங்கம்மா! நல்லா போயிட்டிருக்கும்போது யாராவது அதைச் சொல்லுவாங்களா?" அடுத்த பந்திலேயே ஒருவன் அடித்தான். பாவம், அந்த அம்மாள் ஆட்டம் முடியும்வரை தலை தூக்கவில்லை. நான்கூட அவரை முறைத்தேன். பெற்றவள் நான், எனக்கு உரிமை உண்டு.

அவன் பந்தைப் பிடிக்கும் கேட்சர் லாயிட் இப்போதெல்லாம் கையுறைக்குள் இரண்டு துண்டு மாட்டிறைச்சி வைத்துக்கொள்கிறான். இல்லாவிட்டால் ஆர்லனின் பந்து உள்ளங்கையைப் பிய்த்துவிடுகிறதாம். முடிந்ததும் வெளியே எடுத்துக் காட்டினான், கொத்துக்கறியாகக் கிடந்தது. பதினோரு வருஷம் இதே ஊருக்குக் கேட்சராக இருந்தவன் நீ, சிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளியை உதறித் தள்ளாதே.

பாசமுள்ள
ஆல்மா


டாமராக் சானடோரியம்
4 ஜூன் 1951

அன்புத் தங்கச்சி ஆல்மாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இருமல் தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். பூந்தொட்டி செத்துப்போய்விட்டது, அதனால் பாலை நானே குடிக்கிறேன். கிளாரன்ஸுக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் தாள் வந்த அன்று வராந்தாவில் என்ன நடந்தது தெரியுமா? இங்கே எட்டுப் பேர் வரிசையாகக் கட்டிலில் கிடக்கிறோம். பனியோ வெயிலோ, வெளியேதான் கிடக்க வேண்டும், காசநோய்க்கு அதுதான் வைத்தியம். நான் உன் தாளை உரக்கப் படித்தேன். "முதல் ஆள். ரெண்டு ஸ்ட்ரைக். ஒண்ணு வெளியே போச்சு. அடுத்தது..." என்று நிறுத்தினால் போதும், எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூச்சே இல்லாத எட்டுப் பேர்! முன்பு காட்டில் மரம் வெட்டும் வேலை பார்த்த பின்லாந்துக்காரர் டோய்வோ பக்கத்துக் கட்டில். வயது அறுபத்தெட்டு, நுரையீரல் ஒன்றுதான் மிச்சம். அவர் தன்னுடைய புதுச் சளிக் குவளையை எடுத்து ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தார். கேட்டால், "ஒரு ஸ்ட்ரைக்-அவுட்டுக்கு ஒண்ணு. எண்ணிக்கை தப்பக் கூடாதில்ல" என்றார். படித்து முடித்தபோது பதினைந்து காகிதக் குவளைகள் நின்றன. முந்தைய இருபத்துநாலையும் சேர்த்து வைக்க வேண்டுமென்று அடம்பிடித்து வைத்தார். நர்ஸ் கெல்லர் வந்து, "இது என்ன கூத்து? குவளை என்ன வானத்திலிருந்தா விழுது?" என்று கத்தினாள். மறுநாள் அவளே ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து போட்டாள்.

இன்னும் தாள் அனுப்பு. புள்ளியை மட்டும் விட்டுவிடாதே. புள்ளி இருந்தால்தான் எனக்குப் பந்து தெரிகிறது.

உன் அண்ணன்
குன்னார்


ஹாவிக்
19 ஜூன் 1951

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உன் எடை ஒரு பவுண்டு கூடியது என்று கேட்டு கிளாரன்ஸ் கையைத் தட்டினார். அவர் கை தட்டி நான் பார்த்தது எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

மூன்று தாள் வைத்திருக்கிறேன். பதினாலு, பதினாறு, பதின்மூன்று. மொத்தம் எண்பத்திரண்டு. உன் நண்பர் டோய்வோவிடம் குவளை போதுமா என்று கேள். உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் படித்துக் காட்டினேன். ஆர்லன் சிரிக்கவே இல்லை. "உண்மையாவே எனக்காகவா வெக்கிறாங்க?" என்று இரண்டு முறை கேட்டான். அப்புறம் கடிதத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான்.

ஊரே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. முடிதிருத்துபவர் கண்ணாடியில் சோப்பால் எண்ணிக்கை எழுதுகிறார். நான் முட்டை வாங்கப் போனால் யாரும் முட்டையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அவனிடம் நேரே யாரும் ஒன்றும் சொல்வதில்லை, கண் பட்டுவிடும் என்று. அவன் உள்ளே வந்தால் கடையே அமைதியாகிவிடுகிறது. "என்னம்மா, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டான். எனக்குச் சுரீரென்றது. அப்படிப் பேசாதே என்று அதட்டினேன்.

ரூடி வேறு பையன்களைப் பந்தெறியும் மேட்டில் ஏற்றுவதே இல்லை. ஏற்றினால் ஜனங்கள் எழுந்து போய்விடுகிறார்களாம்.

உடம்பு பத்திரம்.

ஆல்மா


டாமராக் சானடோரியம்
27 ஜூன் 1951

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். வெயில் வந்தது நல்லதாகப் போயிற்று.

எண்பத்திரண்டு குவளைகளும் நிற்கின்றன, இரண்டு ஜன்னலுக்கு வந்துவிட்டது. போன வாரம் டோய்வோவுக்கு ரத்தம் வந்தது. பாஸ்டரைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தவர் என்னைத்தான் முதலில் பார்த்தார். "உன் மருமகப் பிள்ளை இருநூறு எடுக்கிற வரைக்கும் நான் போறதா இல்லை. பாஸ்டரைத் திருப்பி அனுப்பு" என்றார். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நேற்று உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

இதை ஆர்லனுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. தனியாக ஒரு துண்டுச் சீட்டு உள்ளே வைத்திருக்கிறேன், அவனிடம் கொடு. 'மருமகனே, இங்கே ஒரு கிழவர் உன் இருநூறாவது கேயைப் பார்க்காமல் சாக மாட்டேன் என்கிறார். ஆகவே அவசரமே இல்லை, ஆனால் நிறுத்திவிடாதே' என்று எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு என்ன சொன்னான் என்று எழுது.

அண்ணன்
குன்னார்


ஹாவிக்
10 ஜூலை 1951

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். இங்கே வெயில் பொசுக்குகிறது. உனக்குக் காய்ச்சல் இல்லையே?

சீட்டைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான், மடித்துத் தொப்பியின் உள்பட்டைக்குள் செருகிக்கொண்டான். இப்போது மேட்டில் ஏறும் முன் தொப்பியைக் கழற்றி ஒரு தடவை உள்ளே பார்க்கிறான். வேண்டுதல் செய்கிறான் என்று வெர்னா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான்கு தாள் இருக்கிறது. பதினாலு, பன்னிரண்டு, ஜூலை நாலு சுதந்திர தினத்தன்று பதினைந்து, இந்த ஞாயிறு பதினொன்று. மொத்தம் நூற்று முப்பத்துநாலு. சுதந்திர தின ஆட்டம் ஒன்பதில் முடியாமல் பதின்மூன்று இன்னிங்ஸ் போனது, அவனேதான் முழுக்க எறிந்தான். அதற்கு நாலாவது நாள் மறுபடியும் முழு ஆட்டம். சுதந்திர தினத் தாளில் பாதிக்கு மேல் புள்ளி இருக்காது, ஞாயிற்றுக்கிழமைத் தாளிலும் இல்லை. பென்சில் மொட்டையாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

கிளாரன்ஸ் வேலை செய்யும் வெண்ணெய்க் கூடத்திலிருந்து தினமும் ஒரு பாளம் ஐஸ் கொண்டுவருகிறார். எலுமிச்சைச் சாற்றுக்கு என்கிறார். எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழமே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆர்லன் புதுசாக ஒரு சேட்டை பழகியிருக்கிறான், முள்கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிடுகிறான். "ஐரோப்பாவுல எல்லாம் இப்படித்தாம்மா" என்றான். உருளைக்கிழங்கு மேஜை முழுக்க உருண்டது. சிரித்துவிட்டேன்.

ஆல்மா


டாமராக் சானடோரியம்
17 ஜூலை 1951

அன்புத் தங்கச்சிக்கு,

காய்ச்சல் வருகிறது, போகிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

நூற்று முப்பத்துநாலு குவளை. மூன்றாவது ஜன்னல். டோய்வோ இப்போது எழுந்து நின்று தானே வைக்கிறார்.

அது இருக்கட்டும். ஹாவிக்கில் வேறு பென்சிலே கிடையாதா? புள்ளி இல்லாத தாளைப் படிப்பது சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் ஆட்டத்தைக் கேட்பது போலிருக்கிறது. கே என்று போட்டிருக்கிறாய், மூன்று பந்தில் போனானா, ஒன்பது பந்தில் போனானா? சுதந்திர தினத்தன்று மொத்தம் எத்தனை பந்து எறிந்தான்? ஒரு எண், அவ்வளவுதான் கேட்கிறேன். ரூடிக்கு மூளை இருக்கிறதா? நாலு நாளில் இரண்டு முழு ஆட்டமா?

சரி, கேட்கக் கூடாததைக் கேட்டு நானே கெடுத்துவிடப்போகிறேன். விடு. அடுத்த தாளில் புள்ளி வை.

அண்ணன்
குன்னார்


அஞ்சலட்டை
6 ஆகஸ்ட் 1951

ஆல்மா, மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அங்கே எல்லோரும் சுகந்தானே? இங்கே நாங்கள் எப்போதும்போல இருக்கிறோம். எண்ணிக்கை நூற்று முப்பத்துநாலிலேயே நிற்கிறது என்று டோய்வோ முணுமுணுக்கிறார். தாள் அனுப்பு. ஆர்லனுக்கு என் அன்பு.
குன்னார்


ஹாவிக்
14 ஆகஸ்ட் 1951

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. நாங்கள் சுகம். தோட்டத்து பீன்ஸ் எல்லாம் ஒரே சமயத்தில் காய்த்துத் தொலைத்தது, அதைப் பதப்படுத்தி ஜாடியில் அடைப்பதிலேயே நாள் போய்விட்டது.

நாலு தாள் வைத்திருக்கிறேன். பதின்மூன்று, பன்னிரண்டு, பத்து, நேற்று முன்தினம் பதினாறு. நூற்று எண்பத்தைந்து! டோய்வோ அவர்களிடம் இன்னும் பதினைந்துதான் என்று சொல். இந்த ஐந்தாம் தேதி மட்டும் ஆர்லன் எறியவில்லை, மழை பெய்தது. அந்த வாரம் முழுக்க கிளாரன்ஸ் வைக்கோல் உலர்த்திக்கொண்டிருந்தார், ஆர்லன் கூட இருந்தான்.

பெரிய விஷயம் ஒன்று. சிகாகோவிலிருந்து ஒரு பெரிய குழுவுக்கு ஆள் தேடுபவர் செப்டம்பர் இரண்டாம் தேதி வட்டார இறுதி ஆட்டத்துக்கு வருகிறார். ரூடிக்கே நேரே எழுதியிருக்கிறார். அதுவரை ஆர்லனை எறிய விடப்போவதில்லையாம், ரூடி நல்லவர்தான். தன் கையால் அவனுக்குக் கதவுகூடத் திறந்துவிடுகிறார். ஆர்லன் ராத்திரி பகல் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறான் அண்ணா. ஐந்து வயதிலிருந்து அவன் வேறு எதையும் கேட்டதில்லை. ஒரு பொம்மைகூடக் கேட்டதில்லை.

லாயிட் இப்போது கையுறையில் இறைச்சி வைப்பதில்லை. பழகிவிட்டதாம். கசாப்புக் கடைக்காரர், "எனக்கு வியாபாரம் போச்சே" என்று அழுகிறார்.

ஞாயிறு காலை தேவாலயத்துக்குக் கிளம்பும்போது ஆர்லன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொல்லி என் முன்னால் வந்து நின்றான். ஆறடி இரண்டங்குல ஆள்! "கெஞ்சறேம்மா, போட்டு விடு" என்று விளையாடினான். நானும் விளையாட்டாகவே போட்டுவிட்டேன். மேல் பொத்தானுக்கு நாற்காலியில் ஏறி நிற்க வேண்டியிருந்தது.

உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

ஆல்மா


டாமராக் சானடோரியம்
28 ஆகஸ்ட் 1951

ஆல்மா,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. இது வெள்ளிக்கிழமை உன் கைக்கு வரும். வந்தவுடன் படி, படித்தவுடன் ஆர்லனிடம் கொடு.

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. காய்ச்சலில் பேனா பிடிக்க முடியவில்லை என்று சொல்லலாம், அது பாதிப் பொய். பன்னிரண்டு தாளையும் கம்பளி மேல் பரப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மே மாதம் பாதிக்குப் பாதி திருப்பிப் போட்ட கே. அவன் வேகத்தில் பந்து வந்ததே தெரியாமல் நின்றிருக்கிறார்கள். ஆகஸ்டில் ஒன்றுகூட அப்படி இல்லை. எல்லோரும் மட்டையைச் சுற்றி ஏமாந்திருக்கிறார்கள். அப்படியென்றால் அவனிடம் வேகம் போய்விட்டது, முழங்கையைத் திருகி வளைபந்தாகப் போட்டு ஆளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறான். லாயிட்டுக்குப் பழகவெல்லாம் இல்லை ஆல்மா. அந்தப் பந்து இப்போது வலிப்பதில்லை, அவ்வளவுதான். பதினோரு வருஷம் கையில் வாங்கியவன் சொல்கிறேன்.

ஐஸ். முள்கரண்டி. பொத்தான். மழை பெய்த வாரத்தில் வைக்கோல் உலர்த்தினார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ பொய் சொல்லத் தெரியாதவள். புள்ளி வைக்காமல் விட்டாயே, அதுதான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. எண்ணினால் உனக்கே தாங்காது என்றுதானே எண்ணவில்லை?

நானும் யோக்கியன் இல்லை. டோய்வோ ஜூலை முப்பதாம் தேதியே போய்விட்டார். காலை பத்து மணி, வெயில் அடித்துக்கொண்டிருந்தது, இருமக்கூட இல்லை. நான் அஞ்சலட்டையில் முணுமுணுக்கிறார் என்று எழுதினேன். நல்லா போயிட்டிருக்கும்போது சொல்லக் கூடாதே! அந்தப் பாழாய்ப்போன வழக்கம் எனக்கும் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. இங்கே மிச்சமிருக்கிறவர்கள் இன்னும் குவளை வைக்கிறார்கள், என்னால் அதைக் கெடுக்க முடியவில்லை. அந்தச் சீட்டை நான் எழுதியிருக்கவே கூடாது.

ஞாயிறு அவன் மேட்டில் ஏற வேண்டாம். சிகாகோக்காரர் வந்தால் வரட்டும், கை ஆறினால் அடுத்த வருஷமும் வருவார். கை போனால் ஒருத்தரும் வரமாட்டார்கள். டோய்வோ இல்லை, இருநூறு யாருக்கும் வேண்டாம் என்று மாமா எழுதியிருக்கிறார் என்று சொல். இந்தக் கடிதத்தையே அவன் கையில் கொடு.

குன்னார்


ஹாவிக்
7 செப்டம்பர் 1951

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கிளாரன்ஸ் சுகம். நான் சுகம்.

தாளை உள்ளே வைத்திருக்கிறேன். இந்தத் தடவை புள்ளி வைத்திருக்கிறேன், முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை. நூற்று எழுபத்தொன்று. மூன்று முறை எண்ணினேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை பகல் வந்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். ஆர்லன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தான், இடது கையால். "யாரு, மாமாவா? டோய்வோ எப்படி இருக்காராம்?" என்று கேட்டான். எப்போதும்போல இருக்கிறாராம் என்று சொல்லிவிட்டேன் அண்ணா. வாய் தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே போய்க் கடிதத்தை மாவு டப்பாவில் போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும் என்று நினைத்தேன். சிகாகோக்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் பெரிய டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது நான் வாயைத் திறந்து கெடுத்துவிட்டேன் என்று நாளைக்கு அவன் என்னைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று பயந்தேன். பாஸ்டரின் மனைவி முகம் கண்ணிலேயே நின்றது.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் நாங்கள் மூன்று பேரும் பீன்ஸைப் பற்றிப் பேசினோம்.

நான்காயிரம் பேர் வந்திருந்தார்கள். நம் ஊரில் அத்தனை பேரே கிடையாது. எட்டு இன்னிங்ஸ் ஒருவனும் அடிக்கவில்லை. பெஞ்சில் அவனைச் சுற்றி இரண்டு பக்கமும் காலி. அவன் கை மடியில் கிடந்தது, விரல்களை ஒவ்வொன்றாக மற்றக் கையால் நிமிர்த்திக்கொண்டிருந்தான். எல்லோரும் பார்த்தார்கள். லாயிட் பார்த்தான், ரூடி பார்த்தார், கிளாரன்ஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! பாஸ்டரின் மனைவி மட்டும் என் காதருகில் குனிந்து, "ஆல்மா, அவனுக்கு வலிக்குது போலிருக்கே" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாயை மூடுங்க" என்றேன். நான்தான் சொன்னேன்.

கடைசி ஆளுக்குக் கடைசிப் பந்து. மட்டை சுற்றிக் காற்றில் போனது. அதற்கு முன்னாலேயே ஒரு சத்தம் கேட்டது. அடுப்புக்குக் குச்சி ஒடிக்கிற சத்தம். மூன்றாவது வரிசை வரை கேட்டது. ஜனங்கள் எழுந்து கத்தியதில் அது அமுங்கிப்போயிற்று. பதினெட்டாவது ஸ்ட்ரைக்-அவுட். எல்லோரும் உள்ளே ஓடி அவனைத் தோளில் தூக்கினார்கள். எந்தக் கையைப் பிடித்துத் தூக்குகிறோம் என்று யாரும் பார்க்கவில்லை. அவன் வாய் திறந்திருந்தது, சிரிக்கிறான் என்று நினைத்தார்கள். நான் பலகையை விட்டு இறங்கி ஓடுவதற்குள் மைதானத்தைப் பாதி சுற்றிவிட்டார்கள்.

சிகாகோக்காரர் கைதட்டவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

முழங்கை. ரோச்செஸ்டர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். "சட்டை போட்டுக்கலாம், கையெழுத்துப் போடலாம், கொஞ்ச நாள்ல பால் வாளிகூடத் தூக்கலாம். பந்தை மட்டும் மறந்துடுங்க" என்று டாக்டர் சொன்னார். ஆர்லன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். வீட்டுக்கு வரும் வழியில் காரில் என் தோளில் சாய்ந்து தூங்கினான், சின்னப் பிள்ளையில் தூங்கியதுபோல.

உன் கடிதம் இன்னும் மாவு டப்பாவில்தான் இருக்கிறது. மூன்று தடவை கை விட்டு எடுத்தேன், மூன்று தடவையும் திருப்பி வைத்துவிட்டேன். டோய்வோ போனது அவனுக்குத் தெரியாது. அவன் உனக்குத் தனியாக எழுதப்போவதாகச் சொல்கிறான். நீ சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறான்.

என்னைத் திட்டி எழுது அண்ணா. திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஆல்மா


ஹாவிக்
9 செப்டம்பர் 1951

அன்புள்ள மாமாவுக்கு,

ஆர்லன் எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதுகிறேன். இந்த அளவுக்கு வருவதற்கே நாலு தாளைக் கிழித்தேன். உங்கள் உடம்பு சுகந்தானே?

கை விஷயம் அம்மா எழுதியிருப்பார்கள். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்கள். நீங்கள் ஆறுதலாக நாலு வரி எழுதுங்கள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது மாமா. நான்தான் யாரிடமும் சொல்லவில்லை. ஜூலையிலிருந்தே வலி இருந்தது. ஐஸ் எடுத்துவரச் சொன்ன அன்றைக்கு அப்பா மட்டும் ஒரு தடவை, "விட்டுடலாமாடா?" என்று கேட்டார். உங்கள் சீட்டை அவரிடம் காட்டினேன். அப்புறம் அவர் கேட்கவில்லை.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ராத்திரி படுத்தால் வருகிறது. ஆனால் ஒன்று நினைத்துக்கொள்வேன். ஒன்பதாவது இன்னிங்ஸில் கையைத் தூக்கவே முடியவில்லை. தொப்பியைக் கழற்றிச் சீட்டைப் பார்த்தேன். அப்போது எண்ணிக்கை இருநூறு, இன்னும் மூன்று பேர் பாக்கி. கிழவர் எண்ணிக்கொண்டிருக்கிறார், நடுவில் விடக் கூடாது என்று நினைத்தேன். மூன்று பேரையும் எடுத்தேன்.

டோய்வோவிடம் சொல்லுங்கள், இருநூற்று மூன்று. கூட மூன்று குவளை நானே வைத்ததாக இருக்கட்டும். இருநூறு ஆகிவிட்டது என்பதற்காக அவர் இனிமேல் கிளம்பிவிடக் கூடாது, அடுத்த கணக்கு என்ன வைக்கலாம் என்று யோசிக்கச் சொல்லுங்கள்.

கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள் மாமா. தினமும் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் மருமகன்
ஆர்லன்